200 வந்துடுச்சு, அப்போ பாஸா? லேப்டாப்பிலேயே ஏபிஐ டெஸ்டிங் பழகுவது பற்றி

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் டெக்னிக்கல். பஸ்ல ஹெட்போன் போட்டுக்கிட்டுப் போறவங்க சும்மா கேளுங்க. லேப்டாப் முன்னாடி இருக்கிறவங்க கூடவே செஞ்சு பாருங்க. ஏபிஐ டெஸ்டிங்கை நம்ம சொந்த மெஷின்லயே, அதுவும் ரெஸ்ட் மட்டும் இல்லாம வேற வேற புரோட்டோகால்கள்ல எப்படிப் பழகறது என்பதுதான் விஷயம். அதுக்கு முன்னாடி நான் சொதப்பின ஒரு கதையைச் சொல்லிடறேன். எனக்கு இந்தப் பழக்கமே அந்தச் சொதப்பல்ல இருந்துதான் வந்தது.

312 பச்சை டிக்

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்னக் கம்பெனியில டெஸ்டரா இருந்தேன். மாசச் சந்தா சாப்பாட்டு ஆப். வாடிக்கையாளர்கள் மாச ஆரம்பத்துல வாலட்ல பணம் போட்டு வைப்பாங்க. தினமும் சாப்பாடு வர வர அதுல இருந்து கழியும்.

எல்லாமே ரெஸ்ட் ஏபிஐயா இருந்தது. ஒரு கட்டத்துல டெவலப்பர்கள் முகப்புத் திரையை மட்டும் கிராஃப்க்யூஎல்லுக்கு மாத்தினாங்க. நான் என்ன செஞ்சேன்? ஏற்கெனவே எழுதின டெஸ்ட்டுகள்ல முகவரியையும் கேள்வியையும் மாத்தினேன். சரிபார்க்கிற வரியை மட்டும் தொடவே இல்லை. அந்த வரி என்னன்னா, "ஸ்டேட்டஸ் கோடு 200தானே?" அவ்வளவுதான். மொத்தம் 312 டெஸ்ட். எல்லாம் பச்சை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ். நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

சனிக்கிழமை வாலட் சர்வீஸ் அப்பப்போ திணறியிருக்கு. அந்த நேரத்துல கிராஃப்க்யூஎல் சர்வர் என்ன பதில் சொல்லுச்சு தெரியுமா? மெனு, முகவரி, பேர் எல்லாம் சரியா வந்தது. வாலட் இருக்க வேண்டிய இடத்துல மட்டும் நல், அதாவது ஒண்ணுமே இல்லை. கீழே 'எரர்ஸ்'னு ஒரு பட்டியல்ல விஷயத்தை ஒழுங்கா எழுதியும் வச்சிருந்தது. ஆனா ஸ்டேட்டஸ் கோடு? 200. ஆப் அந்த நல்லை எடுத்து "உங்கள் இருப்பு ரூ. 0, ரீசார்ஜ் செய்யவும்"னு காட்டிடுச்சு. நிறைய பேர் ரீசார்ஜ் பண்ணிட்டாங்க.

திங்கட்கிழமை காலையில சப்போர்ட் டீம்ல இருந்த அக்கா என்னைக் கூப்பிட்டாங்க. "தம்பி, இந்த ஒரு காலை மட்டும் கேளுப்பா"ன்னு ஹெட்செட்டை நீட்டினாங்க. ஒரு அம்மா பேசறாங்க. "ஒண்ணாம் தேதியே மூவாயிரம் போட்டேங்க. சனிக்கிழமை பார்த்தா காசே இல்லைன்னு காட்டுச்சு. பையனோட வேன் ஃபீஸுக்கு வச்சிருந்ததை எடுத்துப் போட்டுட்டேன். இப்போ ரெண்டுமே இருக்குன்னு காட்டுது. ஒண்ணைத் திருப்பிக் குடுத்துருவீங்களா? பத்தாம் தேதிக்குள்ள வேன்காரருக்குக் கட்டணும்." அவங்க கத்தலை, திட்டவும் இல்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது.

பணம் திரும்பப் போச்சு. ஆனா ரீஃபண்டுக்கு வங்கி எடுத்துக்கிற நாட்கள் இருக்கே, அதுக்குள்ள பத்தாம் தேதி தாண்டிடுச்சு.

நான் போய் என் 312 டெஸ்ட்டையும் திறந்து பார்த்தேன். அதுல ஒண்ணு கூட வாலட் பேலன்ஸ் வந்ததான்னு கேட்கலை. ரெஸ்ட்டோட பழக்கத்தைத் தூக்கிட்டுப் போய் வேற புரோட்டோகால் மேல வச்சிட்டேன். அன்னைக்குப் புரிஞ்ச விஷயம் இதுதான்: ஒவ்வொரு புரோட்டோகாலும் "தப்பாயிடுச்சு"ன்னு சொல்ற விதம் வேற. அந்த விதத்தை டாக்குமெண்ட் படிச்சுத் தெரிஞ்சுக்கலாம், ஆனா கைக்கு வராது. ஒரு சர்வரை நாமளே உடைச்சுப் பார்த்தாதான் கைக்கு வரும்.

ஏன் சொந்த மெஷின்ல?

உடைக்கணும்னா அது நம்ம சர்வரா இருக்கணும். இணையத்துல பயிற்சிக்குன்னு இலவச ஏபிஐகள் நிறைய இருக்கு. ஆரம்பத்துக்கு நல்லதுதான். ஆனா அங்க நீங்க போட்ட டேட்டாவை இன்னொருத்தர் அழிச்சிருப்பார். கொஞ்சம் வேகமா அடிச்சா 429, அதாவது "ரொம்ப அதிகமாக் கேட்கறே, நிறுத்து"ன்னு பதில் வரும். முக்கியமா, "நீ இப்போ பாதியில செத்துப்போ"ன்னு அந்தச் சர்வர்கிட்ட சொல்ல முடியாது.

இன்னொண்ணு, பழகறேன்னு சொல்லி ஏதோ ஒரு நிஜ ஆப்போட ஏபிஐயை நோண்டாதீங்க. அனுமதி இல்லாம அடுத்தவங்க சிஸ்டத்துல கை வைக்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ஆம் பிரிவுக்குள்ள வரும். நல்லெண்ணத்துல செஞ்சேன்னு சொன்னா அங்க எடுபடாது.

உங்க லேப்டாப்ல 127.0.0.1, அதாவது லோக்கல்ஹோஸ்ட்ல ஓடற சர்வருக்கு இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. நெட் வேண்டாம், காசு வேண்டாம். தாம்பரம் போற ரயில்ல உட்கார்ந்துகூட உடைக்கலாம். ஒரே ஒரு கண்டிப்பு: ஆபீஸ்ல இருந்து நிஜ வாடிக்கையாளர் டேட்டாவைக் காப்பி பண்ணி லேப்டாப்ல வச்சுக்கிட்டுப் பழகாதீங்க. பொய்யா பத்து பேர், பத்து நம்பர் எழுதிக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

ஒரு டீக்கடை, அஞ்சு வாசல்

நான் பழகறதுக்கு எடுத்துக்கிட்டது ஒரு டீக்கடை. மூணே வேலை: மெனு காட்டணும், ஆர்டர் எடுக்கணும், ஆர்டர் எந்த நிலையில இருக்குன்னு சொல்லணும். டேட்டாபேஸ்கூட வேண்டாம், மெமரியில ஒரு பட்டியல் போதும். இதே கடைக்கு அஞ்சு வாசல் வச்சேன்: ரெஸ்ட், சோப், கிராஃப்க்யூஎல், ஜிஆர்பிசி, வெப்சாக்கெட். உள்ள டீ ஒண்ணுதான். அதனால வாசலுக்கு வாசல் என்ன வித்தியாசம்னு பளிச்சுன்னு தெரியும்.

நோட் தெரிஞ்சவங்க நோட்ல எழுதலாம், பைத்தான் தெரிஞ்சவங்க பைத்தான்ல எழுதலாம். ரெண்டுலயும் அஞ்சுக்குமே லைப்ரரி இருக்கு. எழுதின கடையை டாக்கர் கன்டெய்னர்ல போட்டு வச்சா இன்னும் வசதி. ஏன்னு கடைசி வாசல்ல சொல்றேன். கேட்கிற பக்கத்துக்கு போஸ்ட்மேன், புருனோ, இல்லைன்னா டெர்மினல்ல கர்ல். ஜிஆர்பிசிக்கு மட்டும் ஜிஆர்பிசி-கர்ல்னு தனியா ஒண்ணு இருக்கு. டூல் எதுங்கிறது பெரிய விஷயம் இல்லை. கைக்கு எது பழக்கமோ அது.

முதல் வாசல்: ரெஸ்ட்

எல்லாருக்கும் தெரிஞ்ச வாசல், அதனால சீக்கிரம் கடந்துடலாம். ஆர்டர் போட்டா 201, இல்லாத ஆர்டரைக் கேட்டா 404, டீ எண்ணிக்கையை மைனஸ் மூணுன்னு கொடுத்தா 400. இதெல்லாம் எல்லாரும் செஞ்சு பார்ப்பாங்க. பெரும்பாலும் செய்யாத ஒண்ணைச் சொல்றேன். சர்வர்ல ஆர்டரைப் பதிவு பண்ணிட்டு, பதில் அனுப்பறதுக்கு முன்னாடி 8 விநாடி தூங்க வைங்க. கேட்கிற பக்கத்துல டைம் அவுட் 5 விநாடி. என்ன ஆகும்? கேட்டவருக்கு "பதில் வரலை". கடையில ஆர்டர் பதிவாகிடுச்சு. அவர் திரும்ப அழுத்துவார். ரெண்டு டீ. ரெண்டு பில்.

இதுக்குத்தான் ஐடம்பொட்டன்சி கீ. ஒரே ஆர்டரை எத்தனை தடவை அனுப்பினாலும் கூடவே அதே அடையாள எண்ணை அனுப்பணும். சர்வர் அதைப் பார்த்து, "இது ஏற்கெனவே வந்ததுதான்"னு பழைய பதிலையே திருப்பித் தரணும். இதை உங்க டீக்கடையில நீங்களே எழுதி, நீங்களே டெஸ்ட் பண்ணுங்க. காசு புழங்கற எந்த ஆப்புக்கு வேலைக்குப் போனாலும் முதல் வாரத்துலயே இது கைகொடுக்கும்.

ரெண்டாவது வாசல்: சோப்

"சோப்பா? அதெல்லாம் யாரு யூஸ் பண்றாங்க?"ன்னு கேட்பீங்க. வங்கி, இன்சூரன்ஸ், விமான டிக்கெட் பக்கம் வேலைக்குப் போங்க, தெரியும். எக்ஸ்எம்எல் உறைக்குள்ள எல்லாத்தையும் மடிச்சு அனுப்பற பழைய முறை. சர்வர் என்னென்ன செய்யும்னு விஸ்டில்ங்கிற ஒரு ஃபைல் முழுசாச் சொல்லிடும். அந்த ஃபைலை சோப்யுஐல கொடுத்தா மாதிரி ரிக்வெஸ்ட் எல்லாம் தானா வந்துடும்.

இங்க கத்துக்க வேண்டியது 'ஃபால்ட்'. சோப் 1.1 விதிப்படி ஹெச்டிடிபி வழியா ஃபால்ட் அனுப்பினா ஸ்டேட்டஸ் கோடு 500ஆ இருக்கணும். நீங்க தப்பான பொருள் பேரைக் கொடுத்தாலும் 500தான். ரெஸ்ட் பழக்கத்துல பார்த்தா "ஐயோ, சர்வர் விழுந்துடுச்சு"ன்னு தோணும். சர்வருக்கு ஒண்ணும் ஆகலை. உள்ள 'ஃபால்ட்கோட்'னு ஒரு இடம் இருக்கு. அதுல 'கிளையன்ட்'னு இருந்தா தப்பு நம்ம பக்கம், 'சர்வர்'னு இருந்தா தப்பு அவங்க பக்கம். அதைப் படிக்காம 500னாலே திரும்பத் திரும்ப அனுப்பற மாதிரி புரோகிராம் எழுதினா, தப்பான ரிக்வெஸ்ட்டையே நாள் முழுக்க அனுப்பிட்டு இருப்போம். டீக்கடையில ரெண்டு விதமான ஃபால்ட்டையும் உண்டாக்கிப் பாருங்க.

மூணாவது வாசல்: கிராஃப்க்யூஎல்

என்னை அடிச்ச வாசல். ஃபேஸ்புக்ல 2012ல உருவாகி 2015ல பொதுவுக்கு வந்தது. எனக்கு என்ன வேணுமோ அதை மட்டும் ஒரே கேள்வியில கேட்டு வாங்கிக்கலாம். வசதிதான். ஆனா ஒரே பதில்ல பாதி வெற்றி, பாதி தோல்வி இருக்கலாம். அதுக்கு எந்த ஸ்டேட்டஸ் கோடு போடறது? பெரும்பாலான சர்வர்கள் 200னு போட்டுட்டு, தோல்வியை 'எரர்ஸ்' பட்டியல்ல எழுதிடும். கேள்வியே இலக்கணப் பிழையா இருந்தா சில சர்வர் 400 தரும். அதனால கோடைப் பார்த்து மட்டும் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

டீக்கடையில மெனுவையும் வாலட்டையும் ஒரே கேள்வியில கேளுங்க. வாலட்டை எடுத்துத் தர ஃபங்ஷன்ல வேணும்னே ஒரு எரர் எறியுங்க. மெனு வரும், வாலட் நல், கோடு 200. இப்போ ஸ்கீமாவுல வாலட்டுக்குப் பின்னாடி ஒரு ஆச்சரியக்குறி போடுங்க, அதாவது "இது காலியா இருக்கவே கூடாது"ன்னு. திரும்ப ஓட்டுங்க. இந்தத் தடவை அந்த நல் மேல ஏறும். வாலட்டைத் தாங்கிட்டு இருந்த மேல் பொருளே நல் ஆயிடும். அதுவும் காலியா இருக்கக் கூடாதுன்னா இன்னும் மேல. ஒரு ஆச்சரியக்குறியால மெனுவும் சேர்ந்து காணாமப் போயிடலாம். இதை நான் படிச்சப்போ புரியலை. கண்ணால பார்த்தப்போதான் புரிஞ்சது.

என் டெஸ்ட்ல இப்போ மூணு கேள்வி இருக்கு: எரர்ஸ் இருக்கா? எனக்கு முக்கியமான ஃபீல்டு நல்லா? அந்த நல்லை ஆப் எப்படிக் காட்டுது? மூணாவது கேள்வியை அன்னைக்குக் கேட்டிருந்தா அந்த அம்மா வேன் ஃபீஸை எடுத்திருக்க மாட்டாங்க.

நாலாவது வாசல்: ஜிஆர்பிசி

கூகுள் 2015ல வெளியிட்டது. ஹெச்டிடிபி/2 மேல ஓடும், டேட்டா புரோட்டோபஃப் வடிவத்துல பைனரியா போகும். கண்ணால படிக்க முடியாது. அதனால புரோட்டோ ஃபைல் கையில இருக்கணும், இல்லைன்னா சர்வர்ல 'ரிஃப்ளெக்ஷன்' ஆன் பண்ணியிருக்கணும்.

இங்கயும் ஹெச்டிடிபி கோடு பெரும்பாலும் 200தான். நிஜ முடிவு பதிலோட கடைசியில, 'டிரெய்லர்'ல வரும். பார்சல் முழுசா வந்த பிறகு கடைசியா ஒட்டற சீட்டுன்னு வச்சுக்கோங்க. அதுல 0 முதல் 16 வரை ஒரு எண். 0ன்னா சரி, 5ன்னா கேட்டது இல்லை, 14ன்னா சர்வீஸ் கிடைக்கலை. இன்னொரு விஷயம், 'டெட்லைன்' நீங்க வைக்கலைன்னா தானா வராது. சர்வர் தூங்கினா நீங்களும் கூடவே காத்துக்கிட்டு இருப்பீங்க. டீக்கடையில அந்த 8 விநாடித் தூக்கத்தை இங்கயும் போட்டுப் பாருங்க. டெட்லைனை 5 விநாடின்னு வச்சா 4ஆம் கோடு வரும்.

இந்த வாசல்ல எனக்குப் பிடிச்ச பக் ஒண்ணு சொல்றேன். ஆர்டர்ல 'சர்க்கரை'ன்னு ஒரு முழு எண் வைங்க. எதுவும் சொல்லலைன்னா ரெண்டு ஸ்பூன்னு சர்வர்ல எழுதுங்க. இப்போ சுகர் இருக்கிற ஒருத்தர் சர்க்கரை 0ன்னு ஆர்டர் பண்றார். புரோட்டோ3ல சாதாரண எண்ணுக்கு 0ங்கிறது இயல்பு மதிப்பு. அதனால அது ஒயர்ல போகவே போகாது. சர்வர் பக்கம் பார்த்தா "0ன்னு சொன்னாரா, ஒண்ணுமே சொல்லலையா"ன்னு தெரியாது. ரெண்டு ஸ்பூன் போட்டுடும்! ஃபீல்டுக்கு முன்னாடி 'ஆப்ஷனல்'னு போட்டா இது சரியாகும். ஜேசன்ல பழகினவங்களுக்கு இப்படி ஒரு டெஸ்ட் எழுதணும்னே தோணாது. எண் ஃபீல்டு இருந்தா 0, எழுத்து ஃபீல்டு இருந்தா காலி, சரியா தப்பான்னு இருந்தா தப்பு. இந்த மூணையும் எப்பவும் அனுப்பிப் பாருங்க.

அஞ்சாவது வாசல்: வெப்சாக்கெட்

"டீ ரெடியாகுது, ரெடி, வந்துட்டு இருக்கு"ன்னு நேரலையா சொல்ற வாசல். ஆரம்பத்துல ஒரு 101, அதாவது "இனி புரோட்டோகால் மாத்திக்கலாம்". அதுக்கப்புறம் ஸ்டேட்டஸ் கோடே கிடையாது. செய்தி வரும், வராம இருக்கும். மூடும்போது மட்டும் ஒரு மூடல் கோடு: 1000ன்னா ஒழுங்கா முடிஞ்சது. 1006ன்னா விடைபெறாமலே அறுந்துடுச்சு. அது எதிர்ப்பக்கம் அனுப்பற கோடு இல்லை, நம்ம பக்கமே "சொல்லாமப் போயிட்டாங்க"ன்னு குறிச்சுக்கிறது.

இப்போ டாக்கர் ஏன்னு சொன்னேனே, அதுக்கு வர்றேன். ஓடற கன்டெய்னரை 'கில்' பண்ணுங்க. இணைப்பு அறுந்து 1006 வரும். ஆப்புக்குத் தெரிஞ்சுடும். அடுத்த தடவை கில் பண்ணாம 'பாஸ்' பண்ணுங்க. கன்டெய்னர் அப்படியே உறைஞ்சு நிக்கும். இணைப்பு திறந்தே இருக்கும், எரர் வராது, செய்தியும் வராது. ஆப் "டீ ரெடியாகுது"ன்னு சிரிச்சுக்கிட்டே காட்டிட்டு இருக்கும். நிஜ உலகத்துல நிறைய சர்வர்கள் இப்படித்தான் செத்தும் சாகாமலும் இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பிங் அனுப்பி, பதில் பாங் வரலைன்னா தானே மூடிட்டு மறுபடி இணையணும். அப்படி இணைஞ்ச பிறகு நடுவுல தவறின செய்திகள் கிடைக்குதான்னும் பாருங்க. அங்கதான் பாதி ஆப் மாட்டும்.

லோக்கல்ல கிடைக்காதது

இதுல எல்லாமே கிடைச்சுடும்னு சொன்னா அது பொய். லோக்கல்ஹோஸ்ட்ல நெட்வொர்க் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. தாமதம் வேணும்னா ஷாப்பிஃபை வெளியிட்ட டாக்சிபிராக்ஸியை நடுவுல வைங்க. டிசிபி மட்டத்துல வேலை செய்யறதால அஞ்சு வாசலுக்கும் அது ஒண்ணே போதும். லோட் டெஸ்ட் எண்களை லேப்டாப்ல எடுத்துட்டு ரிப்போர்ட்ல போடாதீங்க. சர்வரும் கிளையன்ட்டும் ஒரே சிபியூவைத்தான் பிடுங்கிக்கிறாங்க. சர்டிஃபிகேட், லோடு பேலன்சர், ஃபயர்வால் பிரச்சினைகள் ஸ்டேஜிங்லதான் தெரியும்.

இன்னொண்ணு, மாக் சர்வர். ஒயர்மாக், மாக்கூன் எல்லாம் அருமையான டூல்கள்தான். ஆனா மாக் என்பது நாம நினைச்சதை நமக்கே திருப்பிச் சொல்றது. வாலட் எப்பவும் வரும்னு நான் நினைச்சிருந்தா, என் மாக்கும் எப்பவும் வாலட்டைக் கொடுத்திருக்கும். 313ஆவது பச்சை டிக் கிடைச்சிருக்கும். அதனால மாக்கை உங்க ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க. நிஜ ஸ்கீமா, விஸ்டில், புரோட்டோ ஃபைல், ஓப்பன்ஏபிஐ ஃபைல், இதுல எது இருக்கோ அதுல இருந்து உருவாக்குங்க.

இந்த வாரம்

அஞ்சு வாசலையும் ஒரே வாரத்துல கட்டணும்னு அவசியம் இல்லை. எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, அதுவும் சனி ஞாயிறுகள்ல மட்டும். வாரத்துக்கு ஒரு வாசல்னு எடுத்தாலே போதும். ஆனா ஒவ்வொரு வாசல்லயும் வரிசை ஒண்ணுதான்: முதல்ல சரியா ஓட வைங்க, பிறகு அது "தப்பு"ன்னு எப்படிச் சொல்லுதுன்னு கண்டுபிடிங்க, பிறகு அதைப் பிடிக்கிற டெஸ்டை எழுதுங்க.

வீட்டுப்பாடம் ஒண்ணே ஒண்ணு தர்றேன். நீங்க ஏற்கெனவே எழுதி வச்சிருக்கிற, பச்சையா இருக்கிற ஒரு டெஸ்டை எடுங்க. சர்வரை வேணும்னே தப்பான பதில் சொல்ல வைங்க. பேலன்ஸை நல் ஆக்குங்க, விலையை 0 ஆக்குங்க. டெஸ்ட் சிவப்பாச்சுன்னா நல்லது. அப்பவும் பச்சையாவே இருந்ததுன்னா, அந்த டெஸ்ட் இத்தனை நாளா எதையுமே பார்க்கலைன்னு அர்த்தம். என்கிட்ட அப்படி 312 இருந்தது. உங்ககிட்ட எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க, எனக்கும் எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.